கண்ணாடி போடாமல் கிழித்தது

செப்டம்பர் 3, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை வருமா வராதா என்று ஒரே பேஜார். காலில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு பத்தொன்பது நாள். உள்ளே அரிப்பு. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தேன், விஜயா பார்த்துவிட்டாள். திட்டு.

இத்தனை வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த கண்டக்டர், இப்போது கேப்பை மூட்டை மாதிரி கட்டிலில். விழுந்தது பஸ்ஸில்கூட இல்லை, வீட்டு பாத்ரூமில். டிப்போவில் பஸ் படிக்கட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மதியம் கொழுந்தியா அமுதா வந்தாள். குயிலாப்பாளையத்தில் வாழ்த்து அட்டை செய்யும் இடத்தில் வேலை. ஒரு பை நிறையக் காகிதத் துண்டு கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாள். "மாமா, அக்கா மேல எரிஞ்சி எரிஞ்சி வுழாம இத்த ஒட்டிக்கினு இருங்க." பஸ் பாஸ் அளவு அட்டை. அதன்மேல் துண்டுக் காகிதத்தால் ஒரு படம். அவ்வளவுதான் வேலை.

"சின்னப் பசங்க வெளயாட்டு," என்றேன். அவள் போன பிறகு இரண்டு ஒட்டினேன். விஜயாவிடம் சொல்லவில்லை.

செப். 4, வியாழன்

வெயில். பசை சீக்கிரம் காய்கிறது. இன்று மட்டும் ஐந்து:
பஸ் (சக்கரம் காலி மாத்திரை அட்டை)
பனைமரம் 2
மல்லாட்டைச் செடி, வேரில் கடலையோடு. விஜயா கேட்டது: "இது இன்னா, கம்பளிப்பூச்சியா?"
பெருமுக்கல் மலை

கத்தரிக்கோல் எனக்கு எதற்கு? மெஷின் வருவதற்கு முன்னால் கட்டுக் கட்டாக டிக்கெட் கிழித்த கட்டைவிரல் இது. நகத்தால் ஒரு கோடு, ஓர் இழுப்பு. கிழிந்த ஓரம் வெள்ளையாகப் பிசிறடித்து நிற்கிறது. மலை உச்சிக்கு அதுதான் அழகு. நன்றாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு மேரி அக்கா ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். "சிலுவ போட்டதும் இருக்கு, புள்ளையார் போட்டதும் இருக்கு. குப்பையில போட மனசு வர்ல தம்பி. நீயே வச்சிக்க." எல்லா வீட்டிலும் இப்படித்தான் சேருகிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினது தடவினபடி. சாமி படங்களைத் தனியாகக் கிழித்து பீரோ மேல் வைத்துவிட்டேன்.

மலை அட்டை யாருக்கு? தெரியும். எழுதவில்லை.

செப். 5, வெள்ளி

எழுதித்தான் தொலைக்கிறேன். சுகந்திக்கு.

ஒரே மகள். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன். லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்து, கோர்ட்டிலும் முடிந்தது. ஐந்து மாதமாக திண்டிவனம் பக்கமே வரவில்லை. காரணம் நான். தனியாக வீடு எடுக்கிறேன் என்றாள். "ஒண்டியா இருக்கற பொண்ணுக்கு எவன் வூடு குடுப்பான்? ஊரே சிரிக்கும்"னு கத்தினேன். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனவள்தான். கால் உடைந்த அன்றும் போனில் அம்மாவிடம்தான் விசாரித்தாள். அடுத்த அறையில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

மலை அட்டை வளைந்துவிட்டது, அடியில் கெட்டி அட்டை வேண்டும். விஜயா அங்கன்வாடிக்குப் போயாயிற்று. மேரி அக்காவைக் கூப்பிட்டு பரணில் இருந்த துணிப்பையை இறக்கச் சொன்னேன். உள்ளே நல்ல தடிமனான அட்டைகள், எல்லாம் ஒரே மாதிரி. கண்ணாடியைக் காணோம். பரவாயில்லை என்று வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, மலை அட்டை அளவுக்கு மேலே ஒரு கிழி, கீழே ஒரு கிழி. மலையை ஒட்டி ஓரத்தில் "அப்பா" என்று மட்டும் எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

விழுப்புரம் வண்டி டிரைவர் குமார் என் காலைப் பார்க்க வந்திருந்தான். கவரில் போட்டு அவனிடம் கொடுத்தனுப்பினேன். மனசு லேசாக இருந்தது. டீ இரண்டு தடவை.

5.30. விஜயா வந்தாள். கட்டிலில் இருந்த பையைப் பார்த்து அப்படியே நின்றாள். "இன்னாங்க இது. நம்ம சுகந்தி கல்யாணப் பத்திரிகைங்க. மீந்துபோனத கட்டி வச்சிருந்தேன்."

கண்ணாடி தலையணைக்கு அடியில் இருந்தது.

குமாருக்கு போன். "அப்பவே குடுத்துட்டேண்ணே. பாப்பா சிரிச்சிக்கினே வாங்கிச்சி."

கவரைப் பிரிக்கும் முன் சிரித்த சிரிப்பு அது.

செப். 6, சனி

மழை. சுகந்தி போன் எடுக்கவில்லை. ஆறு தடவை. விஜயா அடித்தாலும் எடுக்கவில்லை.

குத்திக் காட்டத்தான் அப்பன் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். விஜயா: "அஞ்சி மாசம் கழிச்சி சமாதானம் பேசற லட்சணம்." திட்டிவிட்டு பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பழியை வெங்காயத்தின் தலையில் போட்டாயிற்று.

எனக்கு சுகந்தி என்றால் உயிர். அவளிடம் சொன்னதில்லை. இந்த நோட்டில் எழுதி யாருக்கு என்ன லாபம்?

ஒன்றும் ஒட்டவில்லை இன்று.

செப். 7, ஞாயிறு

பதினொன்றுக்கு வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். நேராகக் கட்டிலுக்கு வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள்.

தங்க எழுத்தில் ஒரே வரி. திருநிறைச்செல்வி சுகந்தி, பி.எஸ்சி. அதற்குக் கீழே அந்தப் பையன் பெயர் இருந்த இடத்தில் கிழிசல். மேலேயும் கிழிசல்.

"மொதல்ல பாத்துட்டு அழுதுட்டேன்பா. அப்பறம் பாத்தா அவன் பேரக் கிழிச்சிட்டு எம் பேர மட்டும் வுட்டு வச்சிருக்க. ரெண்டு நாளா பையிலயே வச்சிக்கினு சுத்தறேன். போன்ல பேசினா அழுதுடுவேன்னுதான் எடுக்கல."

அவள் முதுகுக்குப் பின்னால் விஜயா, வாயைத் திறக்காதே என்று எனக்கு ஜாடை காட்டுகிறாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் நல்ல அப்பன் ஆகியிருப்பேன்.

"இல்லம்மா. கண்ணாடி போடாம கிழிச்சது. பத்திரிகைன்னே தெரியாது."

விஜயா தலையில் அடித்துக்கொண்டாள். சுகந்தி என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கட்டில் ஆடுகிற அளவுக்கு. "கருமம்! இதுக்கா நான் ரெண்டு நாளா உருகிக்கினு இருந்தேன்!"

சிரிப்பு நின்றதும் குரல் இறங்கிவிட்டது. "வூடு பாத்துட்டேன்பா. வர்ற வெள்ளிக்கெழம பால் காய்ச்சறேன். உங்கிட்ட சொல்லத்தான் பயம்."

எனக்கு பழைய கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. மெலிந்த கையைப் பார்த்தேன். "எத்தினி பேரக் கூப்புடற?" என்றேன்.

"பத்து."

துணிப்பையை எடுத்து என் மடியில் கொட்டினாள். கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்து அவளே எனக்கு மாட்டிவிட்டாள். "எம் பேருதான் தங்கத்துல அடிச்சே இருக்குதே, பால் காய்ச்சறதுக்கு வேற பத்திரிக எதுக்கு? இப்ப பாத்துக்கினு கிழி."

மாலை. அடியில் கிழிப்பது சுலபமாக இருந்தது. அந்தப் பெயர் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அடுத்து மேல் வரி. என் பெயரும் விஜயா பெயரும், எங்கள் ஒரே மகள் என்று போட்டிருக்கும் வரி. முதல் அட்டையில் போனது அதுதான். அதே மாதிரி இருக்கட்டும் என்று நகத்தை வைத்தேன்.

சுகந்தி விரலைப் பிடித்துக்கொண்டாள். "அது இருக்கட்டும்பா."