தொட்டியில் போட்ட சுண்ணாம்பு

சேசு மரி சூசை துணை

அல்சாஸ், பிரான்சு
1952 அக்டோபர்

அம்மைக்கு மகன் தொபியாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. அப்பனுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்குச் சுகம்தான், குளிர் மட்டும் தாங்கவில்லை.

நான் வேலை செய்யும் இந்தச் சாமியார் மடத்தில் வெள்ளை ஒயின் போடுகிறார்கள். நேற்றுக் காலையில், பிழிந்துவைத்த திராட்சைச் சாறு நுரைப்பதைப் பார்த்துப் பதறிப்போனேன். நம் பனையில் இறக்கும் இனிப்பு அக்கானி, கலயத்தில் சுண்ணாம்பு இல்லாமல் நுரைத்தால் கள்ளாகிவிடுமே! சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பை அள்ளித் தொட்டியில் போட்டேன். மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டார். நுரைத்தால்தான் ஒயினாம். பூசைக்கும் இதுதானாம்.

அவர் திட்டியது போகட்டும். பங்குனியில் கலயத்துச் சுண்ணாம்பு குறைந்து அக்கானி லேசாக நுரைத்ததற்குத்தானே கள்ளு இறக்கினார் என்று அப்பனைப் போலீஸ்காரர்கள் குழித்துறைச் சந்தை வழியாக இழுத்துப்போனார்கள்? "கள்ளு எறக்குனவன் கோயிலுக்குள்ள வரண்டாம்" என்று நம் சாமியார் சொன்னாரே, அவர் பூசையில் குடிப்பது மட்டும் அக்கானியா? நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று முதல் அப்பன் கோயில் வாசலிலேயே நிற்கிறாராமே!

இங்கே வருகிறவர்கள் யார் கையிலாவது நாலு கருப்பட்டி கொடுத்துவிடுங்கள். பேசத்தான் ஆளில்லை, அதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். மணி அடிக்கிறது, போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பனை உள்ளே அனுப்புங்கள். முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, பீடத்துக்கு நேர் முன்னால் போய் முழங்காலில் நிற்கட்டும்.

மகன்,
தொபியாஸ்