உன் காதில் மட்டும் அடித்த மணி

கும்மிடிப்பூண்டி
17.11.2007

அன்புள்ள சமீனா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி சர்ஃபராஸ் எழுதுவது.

எல்லோரும் நலம் என்று தொடங்க முடியவில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. மச்சான் வீட்டில் இருக்கும் நேரமாக இருந்தால் நல்லது.

அம்மா மவுத்தாகிவிட்டாள். அக்டோபர் இருபத்துமூன்று, செவ்வாய்க்கிழமை காலை. நெஞ்சு வலி. பொன்னேரி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். அன்றைக்கே அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உனக்குச் சொல்ல எங்களிடம் உன் எண் இல்லை. விலாசமும் இல்லை.

விலாசம் அரசப்பன் அண்ணன் கொடுத்தது. மச்சானோடு சிப்காட்டில் ஒரே ஷிஃப்டில் இருந்தவர். நீ மஸ்கட் போன பிறகும் அவருக்கு உங்களோடு பேச்சு உண்டு என்று தெரிந்து தேடிப் போனேன். செய்தியை ஃபோனில் சொல்லிவிட வேண்டாம், நான் எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஃபோனில் என்றால் முதல் வரியிலேயே நீ வைத்துவிடுவாய். மீதியை நீ கேட்டாக வேண்டும்.

மச்சான் என்று எழுதியிருக்கிறேன். மோசஸ் அண்ணனை நான் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. நீ அவரைக் கட்டிக்கொண்டு போன அன்று உன் பெயர் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார் அத்தா. என் மொபைல் எண்ணை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மாற்றினேன்.

இப்போது மீதி.

அரசப்பன் அண்ணன் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்தே பேசினார். "தங்கச்சி பதினாலு வெள்ளி அடிச்சிகினு இருந்துச்சுப்பா. ரிங்கு போவுது, எடுக்க மாட்றாங்கோ. அம்மா ஊட்ல இருக்கற நேரம்தான். நான் போய் சொல்றேன்னேன். வேணாம்ணா, எங்கம்மாவுக்கு நான் வேணாம்னா உட்ருங்கன்னுச்சு. பெத்து ரெண்டு மாசம் ஆவுது, ஒருத்தரும் இன்னா ஏதுன்னு கேக்கல. இப்ப விலாசம் எதுக்கு?"

அக்கா, அம்மா எடுக்காமல் இருக்கவில்லை. வீட்டில் மணி அடிக்கவே இல்லை.

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். உன் காதில் மணி போயிருக்கிறது. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஜூன் மாதம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கினேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். மோடம் ஹாலில் இருந்தது. எனக்கு மாடி அறையில் வேண்டியிருந்தது. லைன்மேன் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. ஜன்னல் பக்கத்தில் ஒயரை நானே வெட்டினேன். மாடிக்கு ஒன்று இழுத்து, மூன்றையும் முறுக்கி, டேப் சுற்றினேன். நெட் வந்தது. எனக்குப் பெருமை.

அடுத்த நாளிலிருந்து ஒரு தொந்தரவு. ஹாலில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மாடியில் நெட் போய்விடும். அம்மாதான் தூக்குவாள். டோன் இருக்கிறதா என்று பார்ப்பாள். தூசி தட்டும்போது எடுப்பாள். மாடிப்படியில் நின்று கத்துவேன். "நீ எடுத்தியா?" ஒருநாள் கீழே இறங்கி வந்து சொன்னேன், ரிங் வந்தால் ஒழிய ரிசீவரைத் தொடாதே என்று. அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. ஃபோனைச் சுற்றித் துடைப்பாள். ஃபோனைத் துடைக்க மாட்டாள்.

ஜூலையில் இரண்டு நாள் நல்ல மழை. அதற்குப் பிறகு நெட் மெதுவானது. அவ்வப்போது விழுந்து எழுந்தது. ஆனால் வந்துகொண்டுதான் இருந்தது.

அத்தாவுக்குக் கடையில் மொபைல். எனக்கும் மொபைல். ஹாலில் இருந்த ஃபோன் யாருக்கும் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை.

ஆகஸ்டில் ஒருநாள் அம்மா மாடிக்கு வந்தாள். முட்டி வலியோடு. ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, "போன் நல்லாக்கீதா பாரு சர்ஃபு, ரிங்கே வர்ல" என்றாள். யார் உனக்கு ஃபோன் பண்ணப் போகிறார்கள் என்று கேட்டேன். நெட்டும் ஃபோனும் ஒரே லைன்தான், நெட் வருகிறதென்றால் லைன் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம், யாராவது அடித்தால் ரிங் வரும் என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

உன் வெள்ளிக்கிழமைகள் அப்போது எனக்குத் தெரியாது. இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குள் சமையலை முடித்துவிடுவாள். "பாங்கு சொல்லியாச்சு, இன்னும் இன்னா பண்ணிகினுகீறீங்க" என்று எங்களை விரட்டுவாள். பள்ளிவாசலிலிருந்து திரும்பி வரும்போது ஃபோன் பக்கத்து நாற்காலியில் இருப்பாள். கால் வலிக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெருநாள் அன்றைக்குக் காலையிலிருந்து அங்கேயே இருந்தாள். வந்தவர்களுக்குப் பிரியாணி பரிமாற அத்தா மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில், திங்கட்கிழமை, அத்தா லுஹர் தொழப் போயிருந்தபோது சொன்னாள். நீ ஒன்றரை வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் பேசியது. ஆறு மாசம் என்று ஜூனில் சொன்னது. "இப்ப பேசறதில்ல. இன்னா கோவமோ. புள்ள பொறந்திருக்கும்." மறுபடியும் கேட்டாள். "போன் நல்லாத்தானகீது?"

நல்லாத்தாம்மா இருக்கு, நெட் வருதே என்றேன்.

"அப்ப அவதான் அடிக்கல" என்றாள்.

இந்த வரியை எழுதத்தான் நான்கு நாளாக இந்தத் தாளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன மூன்றாம் நாள் பழவேற்காட்டிலிருந்து ரஃபி மாமா வந்தார். அவருக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. வந்ததும் வராததுமாகச் சண்டை. "ஊட்டு நம்பருக்கு நாலு தபா அடிச்சேன். ரிங்கு போய்க்கினே கீது. மவுத்து ஊட்ல போன் எடுக்க ஒரு ஆள் இல்லியா?" வீட்டில் அன்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யாருக்கும் மணி கேட்கவில்லை. நான் போய் ரிசீவரை எடுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. டோன் இல்லை. சின்ன இரைச்சல்கூட இல்லை.

லைன்மேன் துளசிராமன் மறுநாளே வந்துவிட்டார். துக்க வீடு என்று சொல்லியிருந்தேன். முதலில் வீட்டில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மோடம், ஃபோன், எல்லாம். வெளியே கம்பத்துப் பெட்டியில் தன் ஃபோனை மாட்டிப் பார்த்தார். டோன் இருந்தது. சுவரில் லைன் உள்ளே நுழைகிற இடத்திலும் இருந்தது. "வெளிய ஒண்ணும் இல்ல தம்பி. கம்ப்ளெயின்ட்டு ஊட்டுக்குள்ளதான் கீது" என்றார். கையால் ஒயரைத் தடவிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார். டேப்பைப் பார்த்துச் சிரித்தார். "யார் இது, முட்டி ஒடஞ்சவனுக்கு கட்டு போட்டாப்ல?" நான்தான் என்றேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

டேப்பை உரித்தார். உள்ளே ஒரு கம்பி பச்சை பூத்து, இற்று, விலகி நின்றது. இன்னொன்று சரியாக இருந்தது.

பிறகு எப்படி நெட் வந்தது என்று கேட்டேன். "நெட்டு ஒரு கம்பில கூட தட்டுத்தடுமாறி வந்துரும் தம்பி. போனுக்கு ரெண்டும் வேணும்." மோடம் அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் ஒரு சின்ன வெள்ளை டப்பா, கவர் பிரிக்காமல் கிடந்தது. ஸ்ப்ளிட்டர். "இத மாட்டியிருந்தா ரிசீவர தூக்கினா நெட்டு போவாது. படிச்ச புள்ள, பெட்டில இன்னா இருக்குதுன்னு பாக்க மாட்டியா?"

அம்மா ரிசீவரைத் தொட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். டோன் இல்லை என்று வந்து சொல்லியிருப்பாள்.

அடிக்கிறவர்களுக்கு மணி எப்படிக் கேட்டது என்று கேட்டேன். அது எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிற சத்தம், உன் வீட்டில் அடிக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது என்றார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் மொபைலிலிருந்து வீட்டு எண்ணை அடிக்கச் சொன்னார்.

அடித்தேன். காதில் மணி போனது. எதிரே ஃபோன் சும்மா இருந்தது. முழுதாக அடித்து ஓயும் வரை வைத்திருந்தேன். மறுபடியும் அடித்தேன். நாற்காலி இருந்தது. ஃபோன் இருந்தது. காதில் மணி. "போதும் தம்பி, கட் பண்ணு" என்றார். மூன்றாம் தடவையும் அடித்தேன்.

நீ பதினான்கு வெள்ளி கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். ஒவ்வொரு முறையும் அம்மா ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

அத்தாவிடம் அன்றைக்கே சொன்னேன். நீ பேசிக்கொண்டிருந்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைக்குப் போய்விட்டார். இன்று காலை நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. "மஸ்கட்டுக்கு லெட்டர் போவ எத்தினி நாள் ஆவும்?" என்றார். பத்து நாள் ஆகலாம் என்றேன். "இன்னிக்கே போடு" என்றார்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டியது அம்மாவிடம். ஒன்று மட்டும். அம்மா உன்னை வேண்டாமென்று நினைத்தாள் என்பதை உன் மனதிலிருந்து எடுத்துவிடு. எடுக்க முடியாவிட்டால் இந்தக் கடிதத்தை மறுபடியும் படி. நீ அவளை மறந்துவிட்டாய் என்று அவள் நினைத்ததை என்னால் எடுக்க முடியவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கிறது.

பிள்ளை ஆணா பெண்ணா என்று அரசப்பன் அண்ணனிடம் கேட்கவில்லை. வாய் வரை வந்தது. அம்மாவுக்குத் தெரியாததை நான் எப்படி முதலில் தெரிந்துகொள்வது.

உன்னையும் மச்சானையும் பிள்ளையையும் அல்லாஹ் காப்பானாக. உடம்பைப் பார்த்துக்கொள். பச்சை உடம்பு, அழுது கெடுத்துக்கொள்ளாதே.

பிள்ளையின் பெயரை எழுது அக்கா. ஒரு கார்டில் அது மட்டும் இருந்தாலும் போதும். வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் கபருக்குப் போகிறேன். போய் நிற்கிறேன். அவளிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

துஆவுடன்,
உன் தம்பி
சர்ஃபராஸ்