தாளில் இல்லாத வரி

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கதிரின் சட்டைகள் எல்லாம் ஃபேனுக்குக் கீழே கொடியில். வீடு முழுக்க ஈர வாடை.

மதியம் பிராக்டிஸ். அண்ணனின் தையல் பட்டறையில் ஞாயிறு மட்டும் மெஷின் ஓடாது. ஜீன்ஸ் கட்டுகளைச் சுற்றி அடுக்கிவிட்டால் சத்தம் வெளியே போகாது. கல்லூரி நாளிலிருந்து எங்கள் ஸ்டுடியோ அதுதான். ஹரி கிடார், சாதிக் பெட்டி டிரம், நான் பாட்டு. கதிர் பிறந்து ஒன்பது மாதத்தில் நான் போனது இது மூன்றாவது தடவை.

குரல் ஏறவில்லை. மேலே போகும் இடத்தில் காற்றுத்தான் வந்தது. ஹரி சுருதி சேர்ப்பதுபோலக் கிடாரின் மேல் குனிந்துகொண்டான். அதுதான் பயமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை செம்பூரில் ஷோ. காஃபிக் கடை மாடி, சின்ன இடம்தான். ஆனால் போன இரண்டு ஷோவுக்கும் கடைசி நேரத்தில் நான் போகவில்லை. ஒரு தடவை கதிருக்குச் சளி. இன்னொரு தடவை சளி வரும்போல இருந்தது.

கிளம்பும்போது ஹரி கிடாரைப் பைக்குள் வைத்தபடி, என்னைப் பார்க்காமல்:

"செல்வி, தப்பா எடுத்துக்காதே. ஒரு ஸ்டாண்ட்பை இருந்தா நன்னா இருக்கும்னு தோண்றது. ருதுஜான்னு ஒரு பொண்ணு, எங்க ஆபீஸ்ல ஜூனியர். நீ வந்துட்டேன்னா அவ கோரஸ் பாடுவா. அவ்வளவுதான்."

"தமிழ் தெரியுமா?"

"மராட்டிப் பொண்ணு. எனக்கே தமிழ் வாசிக்கத் தெரியாது, நான் மேனேஜ் பண்ணலையா?"

சாதிக் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

வழியில் வாங்கியது: டயப்பர், இஞ்சி, ஜுர மருந்து (பழையது பாதி பாட்டில் இருக்கிறது. இருந்தாலும்).

வீட்டுக்குள் நுழையும்போதே அழுகை. அத்தை தோளில் போட்டுத் தட்டியும் நிற்காதவன், நான் வாங்கி, "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றதும் நின்றான். மே மாதம் ஜுரம் ஏறி அவனுக்கு வலிப்பு வந்த ராத்திரி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து அவனுக்கும் எனக்கும் இது ஒன்றுதான் மருந்து.

நிறையக் குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர்ந்தால் போய்விடும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். பயப்படாமல் இருப்பது எப்படி என்று சொல்லவில்லை. தெர்மாமீட்டர் இப்போதும் என் தலையணைக்கு அடியில்.


ஜூலை 8, செவ்வாய்

'அஞ்சாவது மாடி'யை இந்தி எழுத்தில் எழுதி ருதுஜாவுக்கு அனுப்பியாயிற்று.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் எழுதிய பாட்டு. அப்போது லேபர் கேம்ப் பக்கம் வீடு, ஐந்தாவது மாடி, ஓடாத லிஃப்ட். கல்யாணத்துக்கு முன்னால், அண்ணனைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு இவர் மூச்சு வாங்க ஏறி வருவார். அண்ணன் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்.

லிஃப்டும் வரல, லைட்டும் வரல,
நீ வருவேன்னு நிக்கிறேன்.
மழையில நனைஞ்ச படிக்கட்டெல்லாம்
உன் செருப்புச் சத்தம் கேக்குறேன்.

'மழை'க்கு இந்தியில் சரியான எழுத்து கிடைக்கவில்லை. 'ள' போட்டு அடியில் ஒரு புள்ளி வைத்து, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். முடித்துப் பார்த்தால் யாரோ வீட்டுப்பாடம் எழுதி வைத்த மாதிரி இருந்தது.

உடனே பதில்: "அக்கா, ஏக் பார் காகே பேஜோ நா!" ஒரு தடவை பாடி அனுப்ப வேண்டுமாம். அக்கா என்று கூப்பிட ஹரி சொல்லிக்கொடுத்திருப்பான்.

கதிரைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே போனில் பாடினேன். பாதியில் சிணுங்கினான். நிறுத்தவில்லை. ஆட்டிக்கொண்டே, அவனையும் சமாதானப்படுத்திக்கொண்டே முடித்தேன். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றால் குக்கர் விசில். கேட்டுக்கூடப் பார்க்காமல் அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஆச்சரியம், வீட்டில் குரல் ஏறியது.


ஜூலை 10, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

மாட்டுங்காவில் ஹரி வீட்டில் பிராக்டிஸ். நான் போகவில்லை. இவருக்கு விமான நிலையத்தில் கார்கோ டியூட்டி, இந்த வாரம் முழுக்கச் சாயங்கால ஷிஃப்ட்.

ஷூ மாட்டிக்கொண்டே, "சனிக்கிழமை ஷோ இல்லா? எனக்கு ஷிஃப்ட் மாத்த முடியல. அம்மா இருக்கால்ல, போயிட்டு வாயேன். சும்மா டென்ஷன் எடுக்காத."

"ஜுரம் வந்துட்டா?"

"வந்தா மருந்து இருக்கு. மெடிக்கல் ஸ்டோரே வச்சிருக்கியே."

உள்ளேயிருந்து அத்தை: "ஏட்டி, நாலு பெத்தவ நான். ஒண்ண பெத்து வச்சிக்கிட்டு எனக்குப் பிள்ள வளக்கச் சொல்லித் தாரியோ? போயிப் பாடிட்டு வா. அந்தச் சீரியலுக்கு முந்தி மட்டும் வந்துரு, இவன் நடுவுல அழுதா எனக்குக் கத விட்டுப் போவுது."

ராத்திரி ஹரி மெசேஜ். அவள் சட்டென்று பிடித்துக்கொள்கிறாளாம். கூடவே, "ஆனா சனிக்கிழமை உன்னோடதுதான்."

நீலக் குர்தாவை எடுத்து வைத்தேன். இடுப்பில் பிடிக்கிறது. துப்பட்டா போட்டால் தெரியாது.

ஆவி பிடித்தேன். மேல் இடம் வருகிறது. வந்துவிட்டது!


ஜூலை 12, சனி

எழுத வேண்டாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மத்தியானம் கதிர் உடம்பு கொஞ்சம் கதகதப்பு. தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பது. அது ஜுரம் இல்லை என்று எனக்கே தெரியும். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அத்தை தெர்மாமீட்டரைப் பிடுங்கி மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

மை வைத்தேன். ஆட்டோ ஏறினேன். வாசல்வரை அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கையசைக்க வைத்தாள் அத்தை. அழக்கூட இல்லை.

சயான் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சுன்னாபட்டியில் தண்ணீர், வண்டி நகரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஆட்டோக்காரர், "ஆகே பானி ஹை மேடம், டைம் லகேகா" என்றார். முன்னால் தண்ணீராம், நேரமாகுமாம். நேரம் இருந்தது. இறங்கி ரயிலில் போயிருந்தாலும் சேர்ந்திருப்பேன்.

திருப்பச் சொன்னேன்.

கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

கதவைத் திறந்த அத்தைக்கு ஆச்சரியம். "என்னட்டி, அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிட்டா?" கதிர் நல்ல தூக்கத்தில். நெற்றி சில்லென்று. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது, இவள் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உடம்பெல்லாம் நனஞ்சிருக்கே. தலையத் தொவட்டு" என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஹரிக்கு: "வர முடியல." அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. இதை நான் மறந்துவிடக் கூடாது. மாமியார் போகச் சொன்னாள், புருஷன் போகச் சொன்னார், பிள்ளை டாட்டா காட்டினான்.

மை கலைக்கத் தேங்காய் எண்ணெய். கண் எரிகிறது.


ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஹரி வீடியோ அனுப்பினான்.

மஞ்சள் குர்த்தியில் ஒல்லியாக ஒரு பெண். கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். மழையை 'மளை' என்கிறாள், ஆனால் குரல் தெளிவு, நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவளுக்கு மூச்சே வேண்டியிருக்கவில்லை. நன்றாகப் பாடுகிறாள். எழுதத்தானே வேண்டும். நன்றாகப் பாடுகிறாள்.

படிக்கட்டு, செருப்புச் சத்தம் முடிந்தது. சாதிக் கையை நிறுத்திவிட்டான். அந்த அமைதியில் அவள்:

"ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, அம்மா இங்கதான் இருக்கேன்."

நான்தான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக் கதிரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பாட்டுக்குக் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பின்னால் ஓட்டினேன். மறுபடி. அவளேதான். இரண்டாவது தடவை அதே வரி வரும்போது முன்வரிசையில் சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். கடைசியில் மொத்தக் கூட்டமும். போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாடி வைத்த பையன்களும், கூந்தலுக்குச் சிவப்புச் சாயம் பூசிய பெண்ணும், அம்மா இங்கதான் இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன். அதில் தமிழ் தெரிந்தவர் நாலு பேர் இருந்தால் அதிகம்.

செவ்வாய்க்கிழமை நான் அனுப்பியதை எடுத்துக் கேட்டேன். இருக்கிறது. பாட்டுக்கு நடுவில், சுருதி பிசகாமல், கதிரிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எது பாட்டு, எது பிள்ளைக்குச் சொன்னது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துக்கொண்டுவிட்டாள்.

ஹரிக்குப் போன்.

"கொன்னுட்டே போ! அந்த லைன் எப்போ எழுதினே? வியாழக்கிழமை அவ பாடறச்சேயே கேட்டேன், நீ புதுசா சேர்த்திருக்கேன்னு நெனைச்சேன். பின்னாடி நின்ன ஒரு பையன் அழுதுட்டான், தெரியுமோ?"

"அது வரி இல்ல ஹரி. கதிர் அழுதான்."

கிடாரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ எடுத்துடச் சொல்லட்டா?"

நான் பதில் சொல்லுமுன் அவனே, மெதுவாக: "ஆனா செல்வி, இப்போ பாட்டே அதுதான்."


ஜூலை 15, செவ்வாய்

ருதுஜாவிடமிருந்து நீளமான வாய்ஸ் மெசேஜ். பாதி இந்தி, பாதி அழுகை. காகிதத்தில் அந்த வரி இல்லை, ஆனால் "ஆப் கி ஆவாஸ் மே தா, அக்கா", உங்கள் குரலில் இருந்தது. எல்லாவற்றிலும் அதுதான் பிடித்திருந்ததாம். சத்தியமாக அர்த்தம் தெரியாதாம். அம்மா என்பது மட்டும் புரிந்ததாம்.

வெறுக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

பதில் அனுப்பினேன்: "நல்லா பாடின. மளை இல்ல, மழை." இந்தி எழுத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் ரெக்கார்டிங். அவள் குரலில். இதை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. ஹரி சொன்னது இவ்வளவுதான்: "உச்சரிப்பு நீ பார்த்துக்கோ, உன்னை விட்டா யாரு?" சரி என்றேன். இரண்டு ஷோவுக்குப் போகாதவள், மூன்றாவதுக்கும் பாதி வழியில் திரும்பியவள், வேறென்ன சொல்ல.

இவர் வீடியோவைப் பார்த்துவிட்டார். "நல்ல விஷயம்தான? உன் பாட்டு நாலு பேருக்குப் போய்ச் சேருது. எதுக்கு மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"தூக்கி வைக்கல."

டியூட்டிக்குக் கிளம்பும்போது படியில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அந்த வரியை. அவள் பாடிய மெட்டில்.

கதிருக்குக் கீழே ஒரு பல் முளைக்கிறது. ஜுரம் இல்லை.


ஜூலை 20, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

கதிரையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் புதுக் கட்டுகளை இரண்டு வரிசை அதிகமாக அடுக்கி வைத்திருந்தான். நடுவில் மைக். ருதுஜா காலைத் தொட வந்தாள், "அரே, பாகல் ஹை க்யா", பைத்தியமா உனக்கு என்று பிடித்து நிறுத்தினேன். கதிருக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்திருக்கிறாள்.

என் வேலை: ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தப்பாகச் சொன்னால் விரலைத் தூக்குவது. இரண்டு தடவை தூக்கினேன். மூன்றாவதில் மழை சரியாகப் பெய்தது.

பல் வலியோ என்னவோ, கதிர் ஆரம்பித்துவிட்டான். சாதிக் சைகை காட்டினான். தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தேன். தோளில் போட்டேன், நடந்தேன், "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றேன். நிற்கவில்லை. என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது, யாருடைய பாட்டையோ நான் எடுத்துப் பாடுவதுபோல.

கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவள் அந்த இடத்துக்கு வந்தாள்.

ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல.

கதிர் அழுகையை நிறுத்தினான். என் தோளிலிருந்து தலையைத் தூக்கி, கதவுப் பக்கம் திரும்பி, அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடியும்வரை.

ருதுஜா தலையை நீட்டி, "டீக் தா, அக்கா?" சரியாக இருந்ததா என்கிறாள்.

உள்ளிருந்து ஹரி: "செல்வி, ழ ஓகேவா?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

கிளம்பும்போது ஹரி, "ஆகஸ்ட்ல இன்னொரு ஷோ, அதே இடம்தான். கதிரைத் தூக்கிண்டு வா, முன்னாடி சீட் போட்டு வைக்கறேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

ராத்திரி அத்தை கேட்டாள், "என்னட்டி, இன்னிக்காவது பாடினியா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தொட்டிலில் சிணுங்குகிறான். அழுகையாக ஆகப்போகிறது. எழுந்து போக வேண்டும். போய் என்ன சொல்ல