மூன்றாம் எண் வீட்டின் அயர்ன் பாக்ஸ்

அவிநாசிபாளையம்,
18.9.2006

அன்புள்ள தம்பி இசக்கிமுத்துவுக்கு,

லைன் வீட்டு ஓனர் சுப்பையன் எழுதுவது. நீங்கள் குடியிருந்த மூன்றாம் எண் வீட்டின் கதவுக்கு நீல நிற பெயிண்ட் அடிப்பது என்று மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு முடிவு செய்யப்பட்டிருக்கிறது. குடிவந்த புதிதில் உங்கள் வீட்டுக்காரி நாகஜோதி நீலம் கேட்டதும், ஆறு வீட்டுக்கும் பழுப்பு என்றால் பழுப்புதான், ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் வரிசையின் ஒழுங்கு என்னாவது என்று நான் மறுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நாள் வெளிர்நீலமா அடர்நீலமா என்று யோசித்தேன். இரண்டாம் நாள் கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டையை வெயிலில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் நிழலில் வைத்துப் பார்த்தேன். வெளிர்நீலம் என்று தீர்ந்தது. இன்று காலையில் அடித்தாயிற்று. கதவு காய்ந்துகொண்டிருக்கிறது.

நானும் என் மனைவி மருதாளும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்கிறேன். பதில் எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம்.

உங்கள் ஊர்க் கடை நம்பருக்கு நேற்று போன் செய்தேன். நீங்கள் தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டு பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பதாகவும், துணி எடுக்க சங்கரன்கோவில் போயிருப்பதாகவும் கடைக்காரர் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. “என்ன விசயம்னு சொல்லுங்க, வந்ததும் சொல்லிருதேன்” என்றார். கடையில் நாலு பேர் நிற்கும்போது உரக்கச் சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை. அதனால்தான் கடிதம்.

இங்கே பெரிய மாறுதல் ஒன்றும் கிடையாது. பனியன் கம்பெனி வேன் காலையில் அதே மாதிரி ஹாரன் அடித்து ஊரை எழுப்புகிறது. இரண்டாம் எண் வீட்டு ஒச்சாயி, குழாயடியில் நாகஜோதி இல்லாததைப் பெரிய குறையாகச் சொல்கிறாள். “ஒரு கொடம் தண்ணிக்குச் சண்டை போடக்கூட ஆளில்லாமப் போச்சே அய்யா” என்கிறாள். நல்ல வார்த்தையாகத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு கட்ட பாங்கில் கடன் வாங்கியபோது, இன்சூரன்ஸ் இருந்தால்தான் பணம் என்றார்கள். ஏஜெண்ட் முகமது ரபீக் மூலம் ஒரு பாலிசி எடுத்தேன். நாற்பது வருடம் நூலகத்தில் உத்தியோகம் பார்த்தவன். அந்தப் பாலிசிப் புத்தகத்தைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். பிரிக்காவிட்டாலும் அதைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளக் பாயிண்ட் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது என்று நாகஜோதி இரண்டு முறை வந்து சொன்னபோது, பொங்கல் கழியட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றேன். “நெருப்புப் புடிச்சா நாங்க என்ன செய்வோம் அய்யா” என்று கேட்டாள். “இன்சூரன்ஸ் இருக்குதம்மா, உங்க சாமானும் சேர்த்துத்தான்” என்றேன். அவள் தைரியமாகப் போனாள். நான் அவ்வளவு அதிகாரத்தோடு சொல்லியிருந்தேன்.

பங்குனியில் தீப்பிடித்தபோது நீங்கள் இருவரும் கம்பெனியில், குழந்தை அபிராமி பள்ளிக்கூடத்தில். உங்கள் கட்டில், டி.வி., துணிமணி, பிசிறு வெட்டக் கொண்டுவந்து வைத்திருந்த பனியன் பண்டல்கள், மேலே ஓடு எல்லாம் போயிற்று. மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர். “வயரிங் யாருங்க பண்ணுனது?” என்று கேட்டார். இரண்டாம் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டுக்கு லைன் இழுத்தது நான்தான். மீந்துபோன பழைய வயர், எட்டு முழம். எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி மிச்சம் என்று நானே முறுக்கி, நானே டேப் சுற்றினேன். அதைச் சொன்னால் பணம் வராது என்று பயந்தேன். பாலிசியில் அப்படி எழுதியிருக்கும் என்று என் அறிவுக்குத் தோன்றியது. ஆகவே, “அந்தப் பொண்ணு காலையில யூனிபார்ம் தேய்க்கும்ங்க. அயர்ன் பாக்ஸை அணைக்காமப் போயிருக்கும்” என்றேன். பேர் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இதில் நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. தீ அணைந்த பிறகு முதலில் உள்ளே போனவன் நான். கடப்பா கல் அலமாரியின் மேல் தட்டில் அயர்ன் பாக்ஸ் இருந்தது. கைப்பிடி உருகியிருந்தது. வயரை அதன் மேலேயே மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி வைத்திருந்தாள். சர்வேயர் வருவதற்குள் அதை எடுத்து எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நாகஜோதி அன்றைக்கு ஒச்சாயி வீட்டில் உட்கார்ந்து, “நாந்தான் அணைக்காமப் போயிட்டேன் போலருக்கு, அணைச்ச மாதிரிதான் இருக்கு, ஆனா நெசமாத் தெரியலியே” என்று அழுதது என் காதில் விழுந்தது. நீங்கள் அவளைத் திட்டியதும் விழுந்தது. “ஒரு சுச்ச அமுக்கத் தெரியாதவள வச்சுக்கிட்டு” என்று ஆரம்பித்தீர்கள். மேற்கொண்டு எழுத வேண்டாம். அப்புறம் ஒச்சாயி வீட்டில் இருந்த நாளெல்லாம் அவள் வேனில் ஏறப்போனவள் இறங்கி வந்து, இரண்டாம் எண் வீட்டின் சுவிட்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அபிராமியின் பரீட்சை முடிந்ததும் அட்வான்ஸைக்கூடக் கேட்காமல், என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஊருக்குக் கிளம்பினீர்கள். பரவாயில்லை என்று சொன்னேன்.

பணம் வந்தது. ஓடு மாற்றி, சுவர் பூசி, புது வயரிங் செய்தாயிற்று. இந்த முறை எலெக்ட்ரீஷியன்.

வெள்ளிக்கிழமை காலை ரபீக் வந்தார். பேச்சோடு பேச்சாக அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “ஏனுங்க சார், இதுக்குப் போயா பொய் சொன்னீங்க? வயர்ல புடிச்ச நெருப்புன்னாலும் ஊட்டுக்குப் பணம் வந்திருக்குமுங்க. வெந்துபோன அந்த வயருக்கு மட்டுந்தான் வராது. நாலாம் பக்கத்துல இருக்குதுங்களே” என்றார். பீரோவைத் திறந்து பார்த்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது. ஆறாம் பக்கத்தில், குடியிருப்பவர்களின் சாமானுக்கு இந்தப் பாலிசி பொறுப்பல்ல என்றும் இருந்தது. சுவரும் ஓடும்தான் என்னுடையது, உள்ளே இருப்பதற்கு நீங்கள் தனியாக எடுத்திருக்க வேண்டுமாம். நான் சொன்னதை நம்பி நீங்கள் எடுக்கவில்லை.

அதோடு முடியவில்லை. பணம் தரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ரசீது என்று நினைத்துப் போட்டேன். அது ரசீது இல்லையாம். எனக்குக் கொடுத்த பணத்தை, தீக்குக் காரணமானவர்களிடம் கம்பெனியே வசூல் செய்துகொள்ளலாம் என்று என் உரிமையை எழுதிக் கொடுத்த பத்திரமாம். உங்களிடம் அந்தத் தொகையைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வரும் என்றார் ரபீக். இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பொய் சொல்லி வாங்குனதுன்னு முழுசாத் திருப்பிக் கேப்பாங்க. முதல்லயே நெசத்தச் சொல்லியிருந்தா ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் பெயிண்ட் யோசனை வந்தது. நேற்று மருதாள் வண்ண அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, “கதவு எந்தக் கலர்ல இருந்தா அந்தப் புள்ளைக்கு என்னங்க? அவதான் இங்க இல்லீங்களே” என்றாள்.

இதோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். வயரிங் என்னுடையது, அயர்ன் பாக்ஸ் அணைந்து அலமாரியில் இருந்தது, சர்வேயரிடம் நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு பிரதி இதே தபாலில் போகிறது. அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது என் பாடு. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். நாலாம் எண் வீட்டுக்காரரின் கரண்ட் பாக்கிச் சீட்டை யாரோ உங்கள் கதவில் செருகிவிட, நாகஜோதியின் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்த பிறகுதான் அது யாருடைய சீட்டு என்று கேட்டீர்கள். இந்த முறை தயவுசெய்து எதையும் விற்காதீர்கள். மிஷினை விற்காதீர்கள். யாரிடமும் கடன் வாங்காதீர்கள். முக்கியமாக நாகஜோதியை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். நோட்டீஸ் வந்தால் இந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் நான் புறப்பட்டு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை நாகஜோதிக்கு நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ் பத்தியை இரண்டு முறை வாசியுங்கள். மூன்றாம் வீடு காலியாகத்தான் இருக்கிறது. வாருங்கள் என்று கூப்பிட எனக்கு முகமில்லை. அபிராமி நன்றாகப் படிக்கட்டும். நாகஜோதி எந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும், பாதி வழியில் திரும்பி வந்து சுவிட்சைத் தொட்டுப் பார்க்காமல் போய்வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டு ஓனர்
சுப்பையன்

பி.கு.: உங்கள் ஊர் விலாசத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் போன மாதம் கேட்டிருந்தார்கள். இந்த உறையின் மேல் இருப்பதைத்தான் எழுதிக் கொடுத்தேன். இன்று விசாரித்தேன், அவர்களுடைய நோட்டீஸ் வெள்ளிக்கிழமை சாயங்காலமே புறப்பட்டுவிட்டதாம். நாகஜோதி பெயருக்கு.