இருமுறை வினவப்பட்ட குரல்

நலம் பெருகுக. இளையாறு இருகரையும் நிறைந்து, எக்கரையும் உடையாது ஓடுக.

தண்செய்வள நாட்டின் முடிபுனைந்த பேரரசியார், இளையாற்றின் இருகரைக்கும் உரிமை பூண்டவர், பஞ்ச காலத்தில் களஞ்சியக் கதவைக் கழற்றி வைக்கச் சொன்னவர், இப்போது கூகைமலைக் கோட்டையில் எழுந்தருளியிருக்கும் பூங்கோதை மாதேவியாரின் திருவடிகளுக்கு, வெண்கரை மாநகரின் நகருலா நாயகமும் அமைச்சர் அவையில் கடைசி இருக்கைக்கு உரியவனுமாகிய ஏகவாசகன் தலைதாழ்த்தி எழுதும் ஓலை.

தேவியாருக்கும், உடன் சென்ற பரிவாரத்துக்கும், மலைக்குளிர் பழகாத நம் யானைகளுக்கும் நலம் விளைக. இங்கு நகரம் நலம். ஒரு கூரையும் எரியவில்லை, ஒரு வாயிலும் இடியவில்லை. குடகரை மன்னர் அதியரையரின் படை, சொன்ன சொல் தவறாது ஆற்றைக் கடந்து போய்விட்டது. நானும் நலமே. உணவு இறங்குகிறது, உறக்கம் வருகிறது. வரக்கூடாது என்று எண்ணிப் படுத்தாலும் வருகிறது.

போரில் நாம் தோற்றதையும் அதன்பின் எழுதிக்கொண்ட உடன்படிக்கையையும் தேவியார் நன்கறிவார். எனினும் ஓலைக் கருவூலத்தில் இதைப் பின்னாளில் எடுத்துப் படிப்போருக்கு ஒன்றும் விளங்காமல் போகலாகாது. ஆதலால் முறையாகச் சொல்கிறேன். வென்ற மன்னர் நம் நகரை ஒரு பகல் முழுதும் விருந்தினராக வலம்வர வேண்டும். அன்று நகரில் ஒரு கதவும் அடைபட்டிருக்கக் கூடாது. அடைத்த கதவு ஒன்று கண்ணில் பட்டாலும் உடன்படிக்கை முறியும், படை உள்ளே வரும். இரண்டு குடை ஓர் ஊரில் நிழல் தரா என்பதால் தேவியார் அன்று நகரில் இருத்தல் ஆகாது. இவற்றோடு நம் ஊரின் பழைய இருவினா வழக்கையும் அவர்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள். விருந்தினர் ஒரு பொருளைப் பற்றி ஒருமுறை வினவினால் அது அறியும் ஆவல்; இருமுறை வினவினால் அது விருப்பம்; விரும்பியதைக் கொடாமல் விருந்தினரை அனுப்புதல் வெண்கரைக்கு இழுக்கு. நம் முன்னோர் செல்வச் செருக்கில் வைத்த வழக்கு அது. தம் பேரப்பிள்ளைகள் தோற்றுப் போவார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வாறு அவர் கொள்ளும் பொருள் ஒன்றே. அதுவே வெற்றிக்கு அடையாளம். அதைப் பெற்றுக்கொண்டு அவர் படையோடு திரும்புவார். அந்த ஒன்று நம் நீர்காத்த நாச்சியாரின் உலாத் திருமேனியாக இருந்துவிடலாகாது என்பதே தேவியார் எனக்கு இட்ட ஒரே கட்டளை. வெள்ளம் வரும்போதெல்லாம் கரைக்கு எழுந்தருளி நம்மைக் காத்தவள் அவள். அவளை ஏற்றிய வண்டி புறப்பட்டால் அதன் சக்கரத்தின் முன்னே வரிசையாகப் படுப்போம் என்று கரைக்குடியினர் அறுநூறு வீட்டாரும் நாச்சியார் சந்நிதியிலேயே சூளுரைத்திருந்தார்கள். அவர்கள் படுப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதிரில் இருந்தவை குதிரைப்படையின் குளம்புகள் என்பதிலும் ஐயமில்லை.

கதவை அடைக்க முடியாது, பொருளை ஒளிக்க முடியாது. எனக்கு எஞ்சியிருந்தது என் நாக்கு ஒன்றே. இந்நகரை வந்தோருக்கெல்லாம் காட்டி, கல்லுக்குக் கல் கதை சொல்லி, அவர்கள் வாய்பிளக்கக் கண்டு மகிழ்ந்தே நரைத்தவன் நான். அன்று ஒரு பகலுக்கு அந்தத் தொழிலையே தலைகீழாகச் செய்யத் துணிந்தேன். கேட்போருக்குக் கொட்டாவி வருமாறு பேசுவது என்று முடிவு செய்தேன். தேவியார் நகைக்கலாம், அது எளிதான வேலையன்று.

கதிர் எழுந்ததும் கீழைவாயிலில் அதியரையரை எதிர்கொண்டேன். கொடுங்கோலர் ஒருவரை எதிர்பார்த்துச் சென்றேன். வந்தவர் காலணியைத் தாமே கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு, எந்தக் காலை முதலில் உள்ளே வைப்பது உங்கள் வழக்கம் என்று வினவியவர். அவரை வெறுக்க முயன்று பார்த்தேன். அதற்கும் ஒரு வலு வேண்டியிருக்கிறது.

கரையீசர் கோயிலில் ஏழுநிலைக் கோபுரத்தை, இது கோபுரம், உயரமானது, என்று காட்டினேன். தட்டினால் இசைக்கும் தூண்களை, கல்லால் ஆனவை என்றேன். கூத்தாடுவோர் அரங்கில், இங்கே கூத்து நடக்கும், இன்று நடக்கவில்லை என்றேன். நெசவாளர் தெருவில் நூல் தோய்ப்பதைக் கண்டு அவர் சற்றே நின்றபோது, எல்லா ஊரிலும் நூலைச் சாயத்தில் இப்படித்தான் தோய்ப்பார்கள் என்றேன். உடன் வந்த நம் ஓதுவார்கள் என்னைப் பித்துப் பிடித்தவனைப் போல் பார்த்தார்கள். மடைப்பள்ளியில் அவருக்கு நெய்யொழுகச் சர்க்கரைப் பொங்கலும் புளிச்சோறும் மும்முறை பரிமாறச் செய்தேன். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். மன்னருக்கு ஏன் இராது? அந்த மயக்கத்தோடு, வெயில் உச்சியில் நிற்கும் வேளை பார்த்து, நாச்சியார் சந்நிதிக்கு அழைத்துச் சென்றேன். காட்டாமல் விட வழியில்லை. காட்டும் வேளை என் கையில் இருந்தது.

என் கணக்கு எங்கே பிசகியது என்றால், அவருக்கு மயக்கம் வரவில்லை. நாச்சியாரின் வலப்பாதம் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று வினவினார். அது முதல் வினா. கரைக்குடியினர் ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் தொட்டுத் தொட்டுத் தேய்ந்தது என்ற உண்மையை விழுங்கிவிட்டு, செப்பு நாள்பட்டால் தேயும் என்றேன். அவர் நகரவில்லை. தூணோரம் நின்ற கரைக்குடிப் பெண்கள் மூச்சுவிட மறந்தார்கள். அவர் மீண்டும் நாச்சியாரை நோக்கித் திரும்பி, கையை உயர்த்தி, வாய் திறந்தார்.

அப்போது தெற்குத் திருச்சுற்றிலிருந்து பாட்டு எழுந்தது.

அது அந்திவேளைக்கு உரிய பாட்டு. உச்சிப்பொழுதில் அதை யாரும் பாடுவதில்லை. பாடினால் ஆகாது என்று நம் கோயிலில் தள்ளியே வைத்திருக்கிறார்கள். முறை தவறிய அந்தப் பாட்டைக் கேட்டு ஓதுவார் காதைப் பொத்திக்கொண்டார். மன்னரோ கேட்க வந்ததைக் கேளாமல், பாடுவது யார் என்றார். கோயிலில் பாடும் பெண்களில் ஒருத்தி என்று சொல்லி, நாச்சியார் பக்கமிருந்து அவரை அகற்றிக்கொண்டு நடந்தேன். அந்த நொடியில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, தேவி. அதை மறைக்கமாட்டேன். தப்பித்தோம் என்று என் நெஞ்சு துள்ளியது. குரல் யாருடையது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் துள்ளியது.

தெற்குத் திருச்சுற்றின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே என் மகள் எழுவனை நின்று பாடிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டும் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தியிருந்தால் போதும், மன்னர் கடந்து போயிருப்பார்; அவள் உயர்த்தினாள். இருவினா வழக்கை என் மடியிலிருந்து கற்றவள் அவள். மன்னர் நின்று கேட்டு, பாட்டு முடிந்தபின், இந்தப் பெண் யார் என்று மறுபடியும் வினவினார்.

பின்னால் வந்த இருநாட்டு ஓலைக்காரரும் எழுத்தாணியை எடுத்துவிட்டார்கள். வழக்கு பொருளையும் ஆளையும் பிரித்துச் சொல்லவில்லை. வழக்கின்படி இவள் தங்களுக்கு உரியவள் என்றேன். வேறு யாரோ சொன்னது போல இருந்தது. ஆனால் சொன்னது என் வாய்தான். என் மகள் என்பதையும் சொன்னேன், வினாவுக்கு விடை வேண்டுமே.

அதியரையரின் முகம் வெளுத்தது. அறியவே வினவினேன், கொள்ள வினவவில்லை என்றார். ஆனால் அவருடைய அமைச்சர் அவர் காதருகே குனிந்து, பதிவாகிவிட்டது என்றும், கொடுத்ததை மறுத்து வெறுங்கையோடு திரும்பினால் படைத்தலைவர்கள் அதை வெற்றியாக ஏற்கமாட்டார்கள் என்றும், மறுபடி ஒன்றைத் தேட நேர்ந்தால் இந்நகருக்கு அது நன்மையாகாது என்றும் உரைத்தார்.  மன்னர் எழுவனையை நோக்கி, தம் அன்னையார் கட்டிய கோயிலில் அவள் பாடலாம் என்றும், எவரும் அவளைத் தொடார் என்றும் தம் வாள் மீது கைவைத்துச் சொன்னார். கொடுத்ததைத் திரும்பப் பெறும் மீட்சி என்ற சொல் உடன்படிக்கையில் எங்கும் இல்லை. அதை எழுதும்போது நான் அருகில் இருந்தேன். அதைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை, நாம் கொடுக்கப்போவது ஒரு பொருள் என்றே நினைத்திருந்தோம்.

பொழுது இன்னும் இருந்தது. பகல் முழுதும் காட்ட வேண்டும் என்பது உடன்படிக்கை, ஆகவே காட்டினேன். தேர்முட்டி, பறையடிப்போர் சாவடி, பூக்கடைத் தெரு, படித்துறை. இனிமேல் மங்கலாகப் பேச வேண்டிய தேவை இல்லையென்பதால் பழக்கம் தானாகவே திரும்பிவிட்டது போலும். படித்துறையில் ஆறு பின்வாங்கிய கதையை முழு வீச்சில் சொன்னேனாம். அவர்களுடைய வீரர்கள் ஆரவாரித்தார்களாம். இத்தனை ஆண்டுகளில் நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கேட்டதில்லை என்று நகருலாப் பணியில் எனக்கு உதவும் மாறன்காரி பின்பு வியந்து கூறினான். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் காலை எல்லைக்கல் அருகே ஒப்படைத்தல் நடந்தது. கொடுப்பவன் பொருளின் வரலாற்றைக் கூற வேண்டும் என்பது வழக்கு. கூறினேன். பெயர் எழுவனை. பிறந்தது இந்நகரில், மழை பிந்திய ஆண்டில். தாய் இல்லை. ஐந்து வயதில் பாடத் தொடங்கினாள். காலையில் எழுப்பினால் எழமாட்டாள். தானே எழ விட வேண்டும். பாகற்காய் உண்ணமாட்டாள். கோபம் வந்தால் பேசாள், ஆனால் ஒரு நாளைக்கு மேல் அது நில்லாது. இவ்வளவும் ஓலையில் ஏறியது. அவள் என் தோள்துண்டைச் சரிசெய்துவிட்டு, யாரும் தன்னை அனுப்பவில்லை, தானே போகிறாள் என்று தேவியாருக்கு எழுதும்படி கேட்டுக்கொண்டாள். எழுதிவிட்டேன். அறுநூறு வீடு அழுவதற்குப் பதில் அப்பா ஒருத்தர் அழுதால் போதும், கணக்கு சரிதானே என்றும் சிரித்துச் சொன்னாள். அழுவேன் என்று நம்பிப் போனாள்.

அன்று மாலை கரைக்குடியினர் நாச்சியாரை உலா எழுந்தருளச் செய்து, என் வீட்டு வாயிலில் நிறுத்தினார்கள். எனக்கு மாலை இட்டார்கள். பெண்கள் என் காலில் விழுந்து கதறினார்கள். அவர்களைத் தூக்கிவிட்டு, பூசணிக்காய் சுற்றிப் போடச் சொல்லி, திருநீறு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாலை கனமாக இருந்தது. அதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

இனி, நடந்ததைக் குதிரைக்காரன் வாய்மொழியாகக் கேட்டறிந்து தேவியார் நேற்று விடுத்த திருமுக ஓலைக்கு விடை. கீழைக்கடல் வேந்தரின் தூதர்கள் வரும் முழுநிலவன்று நகர்காண வருவதும், அவர்களுடைய நட்பு நமக்கு இன்றியமையாதது என்பதும் அறிந்தேன். எழுவனை நின்று பாடிய இடத்தில் விளக்குத்தூண் நாட்டி, அதனையும் நகருலாவில் சேர்த்து, அவள் கதையை நானே என் வாயால் தூதர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும், தந்தை சொல்லக் கேட்டால் கல்லும் கரையும் என்றும் தேவியார் பணித்திருப்பதைத் தலைமேல் கொண்டேன். தூணுக்குக் கல் தேர்ந்தாயிற்று. எனக்குத் தருவதாகச் சொன்ன நிலமும் பட்டமும் வேண்டாம். அவற்றைக் கரைக்குடியினரின் மடைகாவலுக்கு வழங்கியருளுக.

கதையை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், தேவி. யாருமற்ற வேளையில் தெற்குத் திருச்சுற்றில் நின்று, தூதர்கள் எதிரில் நிற்பதாக எண்ணிக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவுவரை சொன்னேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்தது. மிக நன்றாக வந்தது. எல்லைக்கல்லில் அவள் சிரித்த இடத்தில் கேட்போர் உறுதியாகக் கண்ணீர் விடுவார்கள்.

ஆகவே ஒன்றே வேண்டுகிறேன். மற்ற இடமெல்லாம் நான் காட்டுவேன். அந்தத் தூணருகே மட்டும் மாறன்காரி சொல்லட்டும். நடுவில் நான் அழுது நின்றுவிடுவேன் என்று அஞ்சி இதைக் கேட்கவில்லை. அழாமல் சொல்லி முடித்துவிடுவேன், தேவி. அதற்கே அஞ்சுகிறேன்.

இவ்வோலை சுமந்து வரும் குதிரைக்காரனுக்கு, தேவியாரின் விடை கையில் கிடைக்கும்வரை கோட்டை வாயிலை விட்டு அகலலாகாது என்று கட்டளையிட்டிருக்கிறேன். ஓலையின் இருபுறமும் நானே வாசித்துப் பிழை பார்த்தேன். நகருலா நாயகத்தின் அரக்கு முத்திரை இட்டு, இளையாற்று நீரைச் சான்றாக வைத்து, வெண்கரையிலிருந்து விடுக்கப்பட்டது. தேவியாரின் குடை நீடு நிழல் தருக.

இப்படிக்கு, பணி பிசகாத
ஏகவாசகன்