சாச்சி வீட்டுப் புறவாசல்

அன்பு மகன் அனஸுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், என் முழங்கால் ஒன்றுதான் சுகமில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு வெயிலில் அலையாமல் நல்லபடியாக இருக்க துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ என் முகத்தைப் பார்த்துவிடுவாய், வாய்ஸ் அனுப்பினாலோ உன் ரூம் பையன்களும் கேட்பார்கள். அதனால்தான் தம்மாம் திரும்புகிற பக்கத்து வீட்டு நாசரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

நஃபீஸத் சாச்சிக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்துவிட்டது, அவள் மகள் அஸ்ஃபியாதான் பெட்டி கட்டிக் கொடுக்கிறாள். போகிறவர்கள் வீடு வீடாகப் போய்த் தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள் அல்லவா, அப்படித்தான் இவளும் வந்தாள். கூடப் பிறந்தவளுக்கு என்னடி பொறுக்க இருக்கு, எல்லாம் பொறுத்தாச்சு போ என்றேன். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள், கெட்டிக்காரி.

உன்னைப் பெற்றது மைதீன் பாத்து என்பது உனக்குத் தெரிந்ததுதான். புருஷன் மௌத்தாகி, இரண்டு பெண்பிள்ளைகளோடு பீடி சுற்றிக் காலம் தள்ளியவள், பிறந்த அன்றே உன்னை என் கையில் தந்தாள். நம் மார்க்கத்தில் எடுத்து வளர்த்தால் மட்டும் பிள்ளை ஆகிவிடாது, அவன் வளர்ந்து ஆளானால் வளர்த்தவளும் அவன் முன்னால் முக்காடு போடவேண்டும். ஆனால் என் தங்கச்சி பால் கொடுத்தால் நான் உனக்குப் பெரியம்மா முறை, முக்காடு வேண்டாம். அப்போது அஸ்ஃபியா கைக்குழந்தை, அதனால் தினமும் உன்னை சாச்சி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவருவேன். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் உனக்குத் தலை துவட்டினேன், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டேன். இப்போது இவள் சொல்கிறாள், ராத்தா எனக்கு அஸ்ஃபியாவுக்கே பால் பத்தல, ஒண்ணு ரெண்டு தடவ வாயில வச்சேன், அவன் குடிச்சானான்னுகூட நெனப்பில்ல, மைதீன் பாத்துதான் புறவாசல் வழியா வந்து குடுத்துட்டுப் போவா, நீ சங்கடப்படுவன்னு சொல்லாம இருந்துட்டேன் என்று.

சாச்சி வீட்டிலிருந்து வாங்கினதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய், என் தோள்தான் அவனுக்கு மெத்தை என்று தெருவெல்லாம் பெருமை அடித்தேன். மைதீன் பாத்து நிறைத்த வயிற்றுக்குத் தூங்கியிருக்கிறாய், அது தெரியாமல் நான் ஆடியிருக்கிறேன். மறுநாளே அவள் இருக்கும் ஏர்வாடிக்கு பஸ் ஏறினேன், சண்டை போடத்தான். நாங்குநேரி வரைக்கும் கேட்கவேண்டியதை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு போனேன். பாத்து மகள் வீட்டில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஒண்ணும் இல்லையே ராத்தா என்றுதான் முதலில் கேட்டாள், நான் அடுக்கியது அத்தனையும் சரிந்தது. புறவாசல் கதையைக் கேட்டேன். புள்ள அழுகுற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும், கேட்டா எனக்குச் சட்டையெல்லாம் நனஞ்சிரும், நான் என்ன செய்ய என்றாள். பொறவு ஏன் நிறுத்துன என்றேன். அவன் என்னயப் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டான், இனி வந்தா வச்சிட்டுப் போவ மனசு வராதுன்னுதான் இந்த ஊருக்கு வந்துட்டேன் என்றாள். பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் போன கல்நெஞ்சுக்காரி என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன், என்ன தின்றேன் என்று கேட்டால் தெரியாது.

வாப்பா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். சந்தேகமாக இருந்தால் பால் உறவு ஆகாது, பேணுதலாக இருந்துகொள்ளுங்கள், பாசத்துக்கு யாரும் தடை சொல்லவில்லை என்று தன்மையாகத்தான் சொன்னாராம். அங்கே தலையாட்டிவிட்டு வந்த மனுஷன் வீட்டில் என்னிடம் கத்துகிறார், புள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தியத் தொட உத்தரவு வாங்கணுமாக்கும் என்று. எனக்கு அவர் பக்கம் பேசவும் தெரியவில்லை, ஹஜ்ரத் பக்கம் பேசவும் தெரியவில்லை. நஃபீஸத்தைப் பொறுத்தேன் என்று சொன்னது செல்லுமா என்றும் தெரியவில்லை. பாத்துமேல் பொறாமையாக இருக்கிறது, அவளை நினைத்தால் அழுகையும் வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று நீ படித்தவன் சொல்லு. லீவில் வரும்போது ஏர்வாடிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வா. சொல்ல வாய் வருகிறது, மனசு வரவில்லை. இருந்தாலும் போ, வெறுங்கையோடு போகாதே.

வாப்பாவின் சர்க்கரைக்கு அந்த மாத்திரையை மறக்காமல் வாங்கி வா, பரோட்டாவைக் குறை, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வந்ததும் வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடிக்கிறது உன் வழக்கம். இந்தத் தடவை நான் முக்காடு போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால் உம்மா அந்நியமாகிவிட்டாள் என்று நினைக்காதே மகனே. போடாமல் திறந்தால், அல்லாஹ் என்னைப் பொறுத்துக்கொள்ள நீதான் துஆ கேட்கவேண்டும்.

இப்படிக்கு
உன் உம்மா
மும்தாஜ் பேகம்
மேலப்பாளையம்