இடது கைப் பூனை

ஹைதராபாத்,
14.8.2001

அன்புள்ள ராஜாத்திக்கு,

நான் நலம். நீயும் நம் மகள் செங்கொடியும் எப்படி இருக்கிறீர்கள்? திருவொற்றியூரில் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா?

கை நடுக்கம் இனி போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயப்படாதே. இருபத்தாறு வருடம் கார்ட்டூன் படங்களுக்கு வரைந்த வலது கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இடது கையால் பழகுகிறேன். நேற்று தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, இடம் வலம் மாற்றி வரைந்தேன்; இடது கைக்குச் சுலபமாக வந்தது. நாற்பது படம் வரைந்துவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தால், வாசலுக்கு ஓட வேண்டிய பூனை எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டுகிறது!

"இன்னா நைனா, உன் பூனைக்கு வூட்டு வழி மறந்து பூடுச்சா?" என்றான் பக்கத்து மேசை அறிவு, வியாசர்பாடிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். கோடு ஆடினால் வேலை இல்லை.

ஒரு நாலு கோடு நோட்டு உடனே அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான். ஆனால் செங்கொடிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி முதல் வரியை நீ எழுது. அதைப் பார்த்து நான் எழுதிப் பழகுகிறேன்.

தபால் எடுக்கும் நேரம். இது முழுக்க இடது கை எழுத்து. மேலே உன் பெயரை மட்டும் வலது கையால் எழுதினேன். ஆடியிருந்தால் கோபிக்காதே.

உன்
ஜெயவேல்